மின்சாரம் வந்த அரை நிமிடம்

லாகோஸ். இக்கேஜா. ஒட்டிக்பா தெரு.
என் கடை என்பது ஒரு குடை, ஒரு மேசை,
கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு மடிக்கணினிகள்.
ஆறு புதுசு. மற்றவை
லண்டனில் யாரோ அலுத்துப்போய்த் தள்ளிவிட்டவை.

வருகிறவர்கள் முதலில் நிறம் கேட்பார்கள்.
பிறகு, "எத்தனை ஜிபி?"
எதனுடைய ஜிபி என்று அவர்கள் சொல்வதில்லை.
நானும் கேட்பதில்லை.
இருப்பதில் பெரிய எண்ணைச் சொல்வேன்.
வியாபாரம்.

எபியேரே ஒரு காகிதத்தோடு வந்தாள்.
அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி
கேட்க ஆரம்பித்தாள்.

"ஐ-செவன் என்று ஒட்டியிருக்கிறதே,
எத்தனையாவது தலைமுறை?"
ஸ்டிக்கரைப் பார்த்தேன்.
என் தம்பி எஃபோசா ஒட்டியது.
ஐந்நூறு நைராவுக்கு ஒரு தாள், தாளுக்கு இருபது.
"நாலாவது" என்றேன்
தொண்டையைச் செருமிக்கொண்டு.

"ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். சரி.
ரேம் நாலுதானா?
மூட்டை நிறைய அரிசி இருந்து என்ன,
பானை ஆழாக்கு என்றால்?"
பதினாறு வருடமாக விற்கிறேன்.
ஒருவருக்கும் நான் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

"அடிமூடியைக் கழற்றுங்கள்."
கழற்றினேன்.
இரண்டாவது ரேமுக்கான இடம்
பல் விழுந்த ஈறாய்க் காலியாக இருந்தது.
அவள் முகம் மலர்ந்தது.
காலியிடத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட
முதல் வாடிக்கையாளர்.

பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்கியது,
சார்ஜர் எத்தனை வாட்,
எல்லாம் முடிந்து, காகிதத்தை மடித்தபின்
காகிதத்தில் இல்லாத கேள்வி:
"இது எவ்வளவு சத்தம் போடும்?"

அவள் வானொலிக்குக் குரல் கொடுக்கிறவள்.
கொசுவலை, வங்கிக் கடன், இரவுக் கதைகள்.
துணி அலமாரிக்குள் போர்வை தொங்கவிட்டு
உள்ளே உட்கார்ந்து பதிவு செய்கிறாள்.
"பழைய கணினி
என் வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு வாங்குகிறது.
எனக்கு ஆஸ்துமா என்று நினைத்து
மருந்து சொல்லி எழுதுகிறார்கள்."

எப்படிக் காட்டுவது?
கடைக்கு ஒரு ஜெனரேட்டர் உறுமும் தெரு.
இங்கே எதுவும் கிடைக்கும், அமைதி தவிர.
"காத்திருக்கிறேன்" என்று
காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.
அதற்குள் ஒருவர் வந்தார்,
சிவப்பாக இருந்ததை வாங்கிக்கொண்டு போனார்.

நாலே முக்காலுக்குத் தெருவே கத்தியது:
"அப் நெப்பா!"
மின்சாரம்.
ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக விக்கி அடங்கின.
ஒலிபெருக்கிகள் விழித்துக்கொள்ள
இன்னும் அரை நிமிடம் இருந்தது.

அவள் குனிந்தாள்.
மேசைமேல் காதை வைத்தாள், நானும் வைத்தேன்.
நாலாம் தலைமுறைக்குள் ஒரு வெட்டுக்கிளி.
பக்கத்தில் இருந்ததில் தகரக்கூரை மழை.
மூலையில் கிடந்த, கீறல் விழுந்த சாம்பல்நிறத்தில்
ஒன்றுமில்லை.
செத்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.
ஓடிக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றினோம்.
விசிறியே கிடையாது.
சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு மெல்லிய செப்புத் தகடு, அவ்வளவுதான்.
எட்டு மாதமாக என்னிடம் கிடக்கிறது,
எனக்கே தெரியாது.

அன்றைக்கு ஏனோ உண்மை வாயில் வந்தது.
"இதன் பிராசசர் பலவீனமானது. மெதுவாகத்தான் போகும்."
"நானும் மெதுவாகத்தான் வாசிப்பேன்" என்றாள்,
பேரம் பேசி இருபதாயிரம் குறைத்தாள்.
அவள் திருப்பம் தாண்டுவதற்குள்
மின்சாரம் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, மழையில் நின்ற பேருந்தில்
ஓட்டுநரின் வானொலியில் அந்தக் குரல்.
குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள் என்றது.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
உற்றுக் கேட்டேன்.
ஒன்றுமில்லை.

பக்கத்தில் இருந்தவரைத் தட்டி எழுப்பிச் சொன்னேன்:
"கேளுங்கள், இப்போது வருமே அந்த இடைவெளி,
அது நான் விற்றது.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் நைரா."